மெதுவாக ஓடாத ரயில்

அத்தை பையன் எங்கள் வீட்டுக்கு வந்த மாலை, தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றது. ஏரி எது, தெரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத சில நாட்கள் சிட்லபாக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் வரும். அது அப்படி ஒரு நாள். அப்பா அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு, ஒரு கையில் அவனுடைய துணிப்பெட்டியோடு நடந்து வந்தார். அவன் அப்பாவின் தலைமேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். அதற்குள்தான் ரயில் இருந்தது. அன்று மதியம் அதே தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயிர் வாங்கப் போய் வந்தவள் நான். என்னை யாரும் தூக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அவனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. அப்பாவின் தங்கையான அத்தை, பொழிச்சலூரில் விமான நிலைய மதிலை ஒட்டிய ஒரு வீட்டில் அவனோடு இருந்தார். மாமா சரக்குக் கப்பலில் வேலை செய்தார். ஒப்பந்தம் முடியாமல் ஊர் திரும்ப முடியாது. அத்தைக்கு நெஞ்சில் நோய் என்று சொல்லி, சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. 'சளி' என்றார்கள். அத்தை குணமாகித் திரும்பிவிட்டார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றும் அதே பொழிச்சலூரில் விமானச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல வந்தது ரயிலைப் பற்றி.

அது ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள், முட்டை வடிவத்தில் சேரும் தண்டவாளத் துண்டுகள். மாமா அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கியது. அதோடு வந்த கரண்ட் பெட்டி அந்த ஊரின் நூற்றுப்பத்து வோல்ட்டுக்கானது. பொழிச்சலூரில் சுவரில் செருகிய உடனே அது புகைந்து, உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. அதனால் ரயில் ஒரு தடவைகூட ஓடாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்பா தாம்பரம் ஷெட்டில் மின்சார ரயில்களின் மோட்டார் பழுது பார்ப்பவர். மாலையில் வீட்டில் அக்கம்பக்கத்து மிக்ஸி, டேபிள் ஃபேன், இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவர் முன்னால் வந்து உட்காரும். அவர் ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலைப் பிடிப்பார். நான் ஈயக்கம்பியைப் பிடிப்பேன். கம்பியின் முனை சரியாக எந்த இடத்தில், எந்த நொடியில் தொட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதிகம் உருகினால் பக்கத்து இணைப்பையும் தொட்டுவிடும், குறைந்தால் ஒட்டாது. "பாப்பா கை நடுங்காது" என்று அப்பா மற்றவர்களிடம் சொல்வார். வகுப்பில் எனக்கு எந்தப் பாடத்திலும் முதல் இடம் இல்லை. எனக்கு இருந்த ஒரே பதவி இதுதான்.

அத்தை பையன் வந்த மறுநாள் மாலை அந்தப் பதவி போயிற்று. அப்பா ரேடியோவுக்கு வைத்திருந்த எலிமினேட்டரை எடுத்து வந்து ரயிலுக்கு இணைத்தார். சுவர்க் கரண்டைக் குறைத்து மூன்று, நாலரை, ஆறு, ஏழரை, ஒன்பது என்று வேண்டிய வோல்ட் தரும் சிறிய பெட்டி அது. ஆறில் வைத்தால் எஞ்சின் முனகியது, நகரவில்லை. ஏழரையில் வைத்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் புறப்பட்டு, முதல் வளைவில் தடம் விட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் வேண்டும். அதற்கு ஏதாவது ஒட்ட வேண்டும். நான் ஈயக்கம்பியை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும் பாப்பா. தம்பி பிடிக்கட்டும்."

அவன் பிடித்தான். அவன் கை நடுங்கியது. ஈயம் சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்தது. அப்பா அவற்றைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். நான் அப்படிச் சொட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்று அவன் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்தபடி, "மாமா, அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டான். அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா ஒரு கவளத்தை மென்று முடித்துவிட்டு, "இந்த வண்டி கண்ணாபின்னான்னு ஓடுது பாரு. அது மெதுவா வந்து, ஸ்டேஷன்ல அழகா நிக்கணும். என்னிக்கு நிக்குதோ அன்னிக்கு அம்மா வந்துடுவா" என்றார். பொங்கலுக்குள் அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ரயிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள் பிடிக்கும் என்று அப்பா கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவன் சாப்பிட ஆரம்பித்தான். நான் இதைப் பெரியவர்கள் சோறு இறங்குவதற்காகச் சொல்லும் பேச்சுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே அவன் ஒரு செருப்புப் பெட்டியை வெட்டி ஸ்டேஷன் செய்தான். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'பொழிச்சலூர்' என்று எழுதி ஒட்டினான்.

"பொழிச்சலூருக்கு ரயிலே கிடையாது" என்றேன்.

"இது போகும்" என்றான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் எனக்கு எதிராக நடந்தவையாகவே தெரிந்தன. அவனுக்குத் தினம் ஒரு முட்டை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவனுக்குப் புதிதாக ஒரு தட்டும் டம்ளரும் வாங்கினார்கள். டம்ளரில் அவன் பெயரைப் பொறித்திருந்தார்கள். அதில் வேறு யாரும் குடிக்கக் கூடாது. அம்மா அதை வெந்நீரில் போட்டுத் தனியாகக் கழுவினார். என் பெயர் பொறித்த பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. காலையில் அப்பா அவனைப் பஸ் ஏற்றிவிடப் போவார். தினமும் அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இருமல் வருதாடா கண்ணு?" என்று கேட்பார். ஒரு நாள் அவனை ஆட்டோவில் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். நெஞ்செலும்பு தெரியும் அந்தக் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எல்லோரும் பார்த்தார்கள். எனக்கும் எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்டேன். அம்மா என் வாயில் ஒன்று போட்டார். அதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா கேட்டில் சாய்ந்து நின்று என்னைச் சீண்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்.

"இன்னாடி, மாப்ள பொட்டியோட வந்துட்டாரு போலக்கீது?"

"அவன் ஒண்ணும் மாப்ள இல்ல."

"அத்த புள்ள வேற யாரு? பாத்துக்கினேதான கீறேன், உங்கப்பா அவன வுட்டு நகர்றதே இல்ல. இனிமே உங்க வூட்டுக்கே நீதான் விருந்தாளி."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா ரயிலை மெதுவாக்கத் தேர்ந்தெடுத்த வழி டயோடு. மிளகைவிடச் சற்றே நீளமான ஒரு கறுப்புத் துண்டு, ஒரு முனையில் வெள்ளி வளையம். கரண்ட் போகும் வழியில் ஒன்றை வைத்தால் முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக அது விழுங்கிக்கொள்ளும். இன்னொன்று வைத்தால் இன்னும் அவ்வளவு. எலிமினேட்டரை ஒன்பதில் வைத்து, ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கலாம் என்றார் அப்பா. ஷெட் முடிந்து வரும்போது ரிச்சி தெருவுக்குப் போகும் யாரிடமாவது சொல்லி வாங்கி வருவார். ஒரு பொட்டலமாக வாங்கி வந்திருக்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோதான் வந்தன.

ஒரு மாலை ரயில் வளைவில் விழாமல் முழுச் சுற்று வந்தது. அவன் கை தட்டினான். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் ஓட்டிப் பார்த்தபோது மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அப்பாதான் காரணம் சொன்னார். எங்கள் தெருவில் மாலையானால் எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரும் டிவியும் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும், ஃபேன் இறக்கைகளை எண்ணலாம். காலையில் சுவரில் கரண்ட் முழுதாக வரும். மாலையில் சரிபார்த்த ரயில் காலையில் பாயத்தான் செய்யும். இதை எலிமினேட்டரில் விரல் வைத்து அவர் அவனுக்கு விளக்கினார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவனைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் எதையோ திருப்பிக் கொடுக்க வந்தவர், தரையில் குத்தவைத்திருந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், ஷெட்ல ஒம்போது பொட்டி வண்டியெல்லாம் உங்க பேச்ச கேக்குது. இது கேக்க மாட்டேங்குதா?"

"பெருசு சொன்னா கேட்டுக்கும்பா. சின்னதுக்குத்தான் பொறுமையாச் சொல்லணும்."

பொங்கலுக்கு முன்பே ரயில் காலையிலும் மாலையிலும் விழாமல் ஓடத் தொடங்கியது. மெதுவாக என்று சொல்ல முடியாது. ஆனால் ஒழுங்காக ஓடியது. அந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நின்று அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன். "எக்ஸ்ரேல இன்னும் தெளியலையாம். இன்னும் ரெண்டு மாசம், மேலயும் ஆகலாம்னுட்டாரு." அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா கூடத்துக்கு வந்து ரயில் முன் உட்கார்ந்தார். அவன் ஓட்டிக் காட்டினான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சூட்டுக்கோலைக் காயவைத்து, ஒட்டியிருந்த டயோடுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இது சரியில்லடா. மொதல்லேருந்து பண்ணலாம்" என்றார்.

அவன் மறுபேச்சில்லாமல் ஈயக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இப்போது அவன் கை நடுங்கவில்லை. நான் கவனித்த மாற்றம் அது ஒன்றுதான். இன்னும் இரண்டு மாதம் இவன் இங்கேயே இருப்பான், இன்னும் இரண்டு மாதம் அந்தக் கம்பி அவன் கையில் இருக்கும் என்பதுதான் அடுப்படிப் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து நான் ரயிலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். டயோடுகளால் ரயிலை ஒரே வேகத்தில் வைக்கலாம். ஓடுகிற ரயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஸ்டேஷனில் நிறுத்த அவற்றால் முடியாது. மேலும், நிற்கும் எஞ்சினைக் கிளப்ப ஒரு தள்ளல் வேண்டும். கிளம்பிய பிறகு அவ்வளவு வேண்டாம். ஆக, ஓடும்போதே கையால் கூட்டிக் குறைக்க ஏதாவது இருக்க வேண்டும். அப்படி ஒன்று அப்பாவின் தகர டப்பாவில் இருந்தது: பழைய அம்பாசடர் காரின் மீட்டர் விளக்கை மங்கலாக்கும் குமிழ். உள்ளே கம்பிச் சுருள். குமிழைத் திருகினால் சுருளின்மேல் ஒரு நாக்கு நகரும். அதை டார்ச் பல்பில் இணைத்து, வெளிச்சத்தை ஏற்றி இறக்கி எனக்கு விளையாட்டுக் காட்டியவரே அப்பாதான்.

"அப்பா, அந்தக் கார் குமிழப் போட்டா நிக்கும்ப்பா" என்றேன்.

அப்பா தலை நிமிரவில்லை. "அது சரிப்படாது."

"ஏன் சரிப்படாது? டார்ச்சுல—"

"சொன்னேன்ல. நீ போய்ப் படி."

அவர் அப்படி என்னிடம் பேசியதில்லை. அத்தை பையன் என்னைப் பார்த்தான். பாவம் என்பதுபோலப் பார்த்தான். அவன் பார்வையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் யோசனை ஏன் தவறு என்று அப்பா விளக்கியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அது சரியான யோசனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னவள் நான் என்பதால்தான் ஒதுக்கினார் என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சிறுவர்களை அங்கே உள்ளே விட மாட்டார்கள். அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் தகர டப்பாவிலிருந்து குமிழை எடுத்தேன். சூட்டுக்கோலைத் தொட எனக்கு அனுமதி இல்லை, தேவையும் படவில்லை. கம்பி முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினேன். அத்தை பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தான்.

குமிழைத் திருகினேன். எஞ்சின் ஒரு தடவை உதறிக்கொண்டு கிளம்பியது. கொஞ்சம் குறைத்தேன். ரயில் அடங்கியது. இன்னும் குறைத்தேன். மூன்று பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் சாய்ந்து நிமிர்ந்தன. சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைக் கடக்கும் ஒலி தனித்தனியாகக் கேட்டது. செருப்புப் பெட்டிக்கு நேராக வந்தபோது குமிழைக் கடைசிவரை தளர்த்தினேன். பொழிச்சலூர் என்ற பலகைக்கு எதிரே எஞ்சின் குலுங்காமல் நின்றது.

அவன் அழுவான், அல்லது என் கையிலிருந்து குமிழைப் பிடுங்குவான் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டையும் அவன் செய்யவில்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பெட்டியை இழுத்தான். கொடியில் இருந்த அவன் சட்டைகளை எடுத்து மடித்தான். பள்ளிப் பையை மேலே வைத்தான். பிறகு தலையை ஈரமாக்கி வாரிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றேன்.

"வண்டி நின்னுடுச்சுல்ல" என்றான். "மாமா அம்மாவக் கூட்டிக்கினு வருவாரு."

அவன் போகப் போகிறான் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதைவிட, அப்பா வந்து பார்க்கப் போகிறார் என்பதில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி மறுபடி ஓட்டி, மறுபடி மறுபடி நிறுத்திப் பழகினேன்.

இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். தனியாக வந்தார். வாசலில் செருப்பை விடும்போது பெட்டியைப் பார்த்தார். தலை வாரி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். அவன் அப்பாவைத் தாண்டி கேட் பக்கம் பார்த்தான். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரயிலை ஓட்டிக் காட்டினேன். அது மெதுவாக வந்தது. நின்றது. ஒரு மிக்ஸி ஓடினாலே என்னைத் தட்டிக்கொடுப்பவர், இதைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த குமிழைத்தான் பார்த்தார்.

"யார் பண்ணது?" என்றார் கடைசியில்.

"நான்தான். நான் மட்டும்தான்."

அவர் எனக்கும் ரயிலுக்கும் நடுவே குத்தவைத்து உட்கார்ந்தார். குமிழை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய பெரிய உள்ளங்கைக்குள் அது முழுதாக மறைந்தது. "தம்பி, இங்க வா, வந்து பாரு" என்று அவனைக் கூப்பிட்டார். ரயில் கிளம்பியது. அவர் மணிக்கட்டு அசைந்ததை நான் பார்த்தேன். ஸ்டேஷனை நெருங்க நெருங்க வேகம் கூடியது. பொழிச்சலூரை நிற்காமல் கடந்து, வளைவில் எஞ்சின் எகிறி, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தது. கவிழ்ந்த எஞ்சினின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"பாத்தியாடா" என்றார் அப்பா அவனிடம். "இன்னும் சரியாகல."

"நீங்கதான்ப்பா திருகினீங்க" என்றேன்.

"இல்ல பாப்பா. வோல்டேஜ் ஏறிடுச்சு."

தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தலைக்கு மேலே ஃபேன் இறக்கைகளை எண்ணும்படி சுற்றியது. பல்பு செம்மஞ்சளாக எரிந்தது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறியதே இல்லை. அதை விளக்கிச் சொன்னவரே என் முன்னால் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்க்காமல் பொய் சொன்னார்.

அத்தை பையன் விழுந்த பெட்டிகளைப் பொறுக்கித் தண்டவாளத்தில் ஏற்றினான். "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணணும், இல்ல மாமா?" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது, அழுகை இல்லை. அப்பா அவன் ஈரத் தலையில் கை வைத்து, "ஆமாண்டா. கொஞ்சந்தான்" என்றார். அவன் போய்ச் சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டான்.

நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா கதவோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பாவுக்கு என்மேல பொறாமை" என்றேன். "அவரால முடியாதத நான் செஞ்சுட்டேன்ல, அதான் விழ வெச்சுட்டாரு."

அம்மா என்னைத் திட்டவில்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். நான் சொன்னது உண்மை என்பதற்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.